இடுப்பில் இல்லாத ஒட்டியாணம்

அன்னூர்
ஐப்பசி மாதம், 1996

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இங்கே சுகம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம் கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் வாண்டும் சுகமாக இருக்க ஆனைமலை மாசாணியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன். வாந்தி நின்றதா, மஸ்கட்டில் நார்த்தங்காய் கிடைக்கிறதா. மாப்பிள்ளைதான் சமைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை உன் அப்பாவுக்கு இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன், மனுஷன் மோட்டார் போடப் போவதுபோல எழுந்து போய்விட்டார், அப்போது கரண்டே இல்லை. என் எழுத்து எப்போதும் கோழி கிளறிய குப்பை மாதிரிதான் இருக்கும், மூன்றாவதோடு நின்ற கைக்கு அதுவே அதிகம், ஆனால் இந்தத் தடவை கூடுதல் கோணலாக இருந்தால் அதற்குப் படிப்பு காரணம் இல்லை. பயம். தை பிறந்ததும் நீ பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வருகிறாய் இல்லையா, வர வேண்டாம் என்று எழுதத்தான் போன வாரம் இதே காகிதத்தை எடுத்து வைத்தேன். தலைப்பிரசவத்துக்குப் பெற்ற மகளை வராதே என்று எந்த ஊரில் எந்த அம்மா எழுதுவாள், எனக்குக் கை வரவில்லை, மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டேன். இன்றைக்குத்தான் எடுத்தேன். ஹாலில் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் நாற்றம் அடிக்கிறது, பெயிண்டர் அமீர் ஹம்சா பாய் மறுபடியும் வந்து நம் குடும்பப் படத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார், நான் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் எதற்கு வந்தார் என்பதை முதலில் இருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

சித்திரையில் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினோம், நீ பார்த்துவிட்டு, ஏம்மா இந்த ஒட்டியாணம் எப்போ வாங்குனது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று கோபித்து எழுதினாய். அப்புறம் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டேன். இப்போது கேட்டுக்கொள். ஒட்டியாணம் கிடையாது. அந்தக் காசுமாலையும் கிடையாது, கையில் கல் வைத்து மின்னுகிறதே வங்கி, அதுவும் கிடையாது. உன் அப்பா பருத்தி விலை பேசக் கோயமுத்தூர் போனவர் ரேஸ்கோர்ஸில் ஒரு மில்காரர் பங்களாவுக்குள் போய்விட்டு வந்தார், அங்கே ஹால் சுவர் நிறையக் குடும்பப் படமாம், எண்ணெய்ப் பெயிண்டில், நாம் நடந்தால் அவர்கள் கண்ணும் கூடவே வருமாம். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புது வீடு கட்டி மொசைக் போட்டு என்ன பிரயோசனம், பெரிய செவுரு மொட்டையா நிக்குது பாரு புள்ள என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏனுங்க, இந்த ஊட்டுல மொட்டையா நிக்கறது செவுரு மட்டுமில்லீங்களே என்றேன், தலையைத் தடவிக்கொண்டு போனார். சொன்னால் கேட்கிற ஆளா, உக்கடத்தில் சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் எழுதுகிற அமீர் ஹம்சா பாயைக் கூட்டிவந்துவிட்டார். பேனர் எழுதிய கை அல்லவா, எல்லோர் கன்னத்திலும் ரோஸ் அப்பினார். உன் அப்பாவுக்குத் தொப்பை போய்த் தலைமுடி வந்தது. உன்னையும் மாப்பிள்ளையையும் கல்யாணப் போட்டோ பார்த்துப் பின்னால் நிறுத்தினார். காலடியில் நம் வெள்ளையனை உட்கார வைத்தார், அந்தச் சொறி பிடித்த நாட்டு நாய் காதை விறைத்துக்கொண்டு அல்சேஷன் ஆகிவிட்டது.

என்னை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, நகையெல்லாம் எடுத்துப் போட்டுக்கங்கம்மா என்றார் பாய். இருந்ததைப் போட்டு வந்தேன், தாலிக்கொடி, ஒரு ஜோடி வளையல், தோடு. மற்றதெல்லாம்தான் உன் கல்யாணத்தில் உன் கழுத்துக்கு வந்துவிட்டதே. உன் அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பாயை ஓரமாகக் கூட்டிப்போய், மில்காரரூட்டு அம்மா இடுப்புல ஒட்டியாணம் இருந்துதுங்க பாய், நம்முளுதுலயும் ஒண்ணு போட்டு உடுங்க, கழுத்தும் வெறிச்சுன்னு கெடக்குது என்றார். எதைப் பார்த்துப் போடுவது என்று பாய் முழித்தார். சமையல்கட்டில் உரக்கடைக்காரர் கொடுத்த மகாலட்சுமி காலண்டர் தொங்கியது, அதைக் கழற்றி எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மன் மேல் இருந்த நகையையெல்லாம் என் மேல் ஏற்றிவிட்டார். நான் அன்றைக்கெல்லாம் சிரித்தேன். நல்லாப் போடுங்க பாய், எனக்கு இடுப்பு எங்க இருக்குதுன்னு அந்த ஒட்டியாணத்தப் பாத்தாவது இவரு தெரிஞ்சுக்கட்டும் என்றேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அழுகிறேன்.

படம் மாட்டியதும் ஒரம்பரைச் சொந்தங்கள், ஊர்ச்சனம், நம் தறிப்பட்டறை ஆட்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள். உன் அப்பா ஒரு பொய் சொல்லவில்லை, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்வேன். ஒட்டியாணம் எத்தன பவுனுங்க என்று யாராவது கேட்டால் மீசையைத் தடவுவார். அவ்வளவுதான். மீசை மீதியைச் சொல்லிவிடும். உன் மாமியார் பொள்ளாச்சியிலிருந்து வந்தவர் படத்துக்குக் கீழே நின்று, ஏனுங் சம்பந்தி, வளைகாப்புக் கட்டுச்சோத்து விருந்தன்னிக்கு நம்ம கோகிலா இந்த ஒட்டியாணத்தப் போட்டு உக்காந்தா எத்தன லட்சணமா இருக்கும் என்றார். அப்போதும் மீசைதான் பதில் சொன்னது. நம் தோட்டத்தில் வேலை செய்கிற மயில்சாமி வாய் உனக்குத் தெரியும், நாம் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி அன்னூர் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் நம் சேதி அங்கே டீ குடித்து முடித்திருக்கும். கவுண்டரூட்டு ஒட்டியாணம் என்று ஊருக்கே பேச்சாகிவிட்டது.

புரட்டாசியில் நடந்ததை உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன், எழுதாமல் முடியாது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்தாரே நாச்சியம்மாள் அக்கா, பண்டிகை நோம்பிக்கெல்லாம் உனக்கு மருதாணி அரைத்து வைத்துவிடுவார், அவர் வீட்டில் பட்டப்பகலில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். ஆட்கள் எல்லோரும் தண்ணீர் கட்டப் போயிருந்த நேரம். தோட்டத்து வீடு உனக்குத் தெரியாததா, கத்தினால் தென்னைமரம்தான் கேட்கும். முதல் நாளே நாயை மருந்து வைத்து முடித்துவிட்டார்களாம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், கை முறிந்து தலையில் தையல் போட்டுக் கிடந்தார். சங்கிலி, தோடு, பெட்டியில் இருந்தது எல்லாவற்றையும் அவரே கழற்றிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் எங்கே என்றார்களாம். மிச்சம் இல்லை என்றால் நம்பவில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, இருந்ததையெல்லாம் குடுத்துப்போட்டேன் சென்னி, இல்லாததுக்குத்தான் அடி வாங்குனேன் என்றார். நாளைக்கு அவர்கள் நம் வீட்டுக்குள் வந்தால் என்றுதான் எனக்கு அந்த இடத்திலேயே தோன்றியது. என்னால் கொடுக்க முடிந்தது தோடும் வளையலும். அவர்கள் கேட்கப்போவது ஒட்டியாணம். சுவரில் இவ்வளவு பெரிதாக எழுதி வைத்துவிட்டு இல்லை என்று சொன்னால் எந்தத் திருடன் நம்புவான் சொல்லு.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம் சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு ஒருத்தன் வந்தான், ஊருக்குப் புது ஆள். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் தோளுக்கு மேலே ஹாலுக்குள் பார்த்தான். ஏனுங்க, அது நீங்களுங்களா என்றான். ஆமாங்க, கொஞ்சம் இளைச்சிருந்தப்போ என்றேன், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒட்டியாணம் பழைய வேலைங்களா என்றான். என் காதில் நாச்சியம்மாள் அக்கா கத்தின மாதிரி இருந்தது. அதெல்லாம் வெறும் பெயிண்ட்டுங்க என்றேன். அவன் சிரித்தான். நல்லாப் பேசறீங்க அம்மிணி என்று சொல்லிவிட்டுக் குடம்கூட விற்காமல் போனான். அவன் நிஜமாகவே குடம் விற்கிறவனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கும் கரண்டி கீழே விழுகிறது.

உன் அப்பாவிடம் சொன்னேன், ஏனுங்க, பாயக் கூட்டியாந்து அந்த நகையை மட்டும் அழிச்சுப்போடலாமுங்க என்று. முகம் கறுத்துவிட்டது. அழிச்சா ஊருல என்ன சொல்லுவாங்கொ தெரியுமா புள்ள, பாலுசாமி பொண்டாட்டி ஒட்டியாணம் அடகுக்கடைக்குப் போயிருச்சும்பாங்கொ, தறி ஓடலீன்னும்பாங்கொ, செவுத்துல ஏறுனது எறங்கக்கூடாது என்றார். சரீங்க, நாளைக்கு எம்பட படத்துக்கு மாலை போடறப்போ ஒட்டியாணத்த மறைக்காமப் போடுங்க, ஊரு பாக்கட்டும் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மறுவாரம் காலையில் பால் கறக்கப் போனேன். கிணற்றுமேட்டில் வெள்ளையன் படுத்திருந்தான், கூப்பிட்டேன், வாலை ஆட்டவில்லை. வாயில் நுரை. உனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் வேறு எதையெதையோ எழுதினேன் கண்ணு. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாக்கில் கட்டித் தூக்கிவந்த குட்டி. எலிக்கு வைத்த மருந்தைத் தின்றிருப்பான் என்கிறார்கள், பாம்பு என்கிறார்கள், யாருக்குத் தெரியும். எலிமருந்து நம் வீட்டில் வைக்கவில்லை. உன் அப்பாவே தென்னைக்கு அடியில் குழி வெட்டினார், மயில்சாமியை மண்வெட்டி தொட விடவில்லை. குழியை மூடிவிட்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றார். அதில் வெள்ளையன் அல்சேஷன் காதோடு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த சந்தை நாளில் அவர் செய்ததை மயில்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தைக்குள் டீக்கடை பெஞ்சு முன்னால் நின்று, எல்லாரும் கேட்டுக்குங்க, எங்கூட்டுப் படத்துல இருக்கற ஒட்டியாணம் வெறும் பெயிண்ட்டுங்க, எம்பட பொண்டாட்டிக்கு நான் ஒரு குண்டுமணி ஒட்டியாணம் செஞ்சு போட்டதில்லீங்க என்றாராம். உன் அப்பா. பந்தியில் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தால் சாப்பிடாமல் எழுந்து வருகிற மனுஷன். அதைக் கேட்டு ஒருத்தன் நம்பவில்லை. கவுண்டரு உஷாராயிட்டாருங்கோ, நாச்சியம்மா சேதி கேட்டதும் பெட்டிய பேங்க்குல வெச்சுப்போட்டு இங்க வந்து கதை சொல்றாரு என்று சிரித்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு மயில்சாமி என்னிடம் குரலைத் தாழ்த்தி, எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்கம்மிணி, எங்க பொதச்சு வெச்சிருக்கறீங்க என்கிறான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பொய்யை மீசையால் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மையை வாயால் சொன்னால் நம்ப ஒரு நாதியில்லை. அப்பா வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நெசமாலுமே உனக்கு வாங்கிப் போட்டிருந்தா, வர்றவனுக்குக் கழட்டிக் குடுத்துப்போட்டு உசுரோட இருந்திருக்கலாம் புள்ள என்றார். எனக்குக் கல்யாணமான நாளில் இருந்து அந்த மாதிரி ஒரு பேச்சு அவர் வாயில் வந்ததில்லை. அன்றைக்குத்தான் உனக்கு வராதே என்று எழுதக் காகிதம் எடுத்தேன்.

முந்தாநாள் அமாவாசை என்றைக்கு என்று பார்க்கக் காலண்டர் முன்னால் நின்றேன். மகாலட்சுமி என்னைப் பார்த்தாள், அவள் இடுப்பில் என் ஒட்டியாணம். கழுத்தில் என் காசுமாலை. அவள் போட்டிருக்கும்போது எவனாவது இது எத்தனை பவுன் என்று கேட்டானா, பெட்டி எங்கே என்றானா. உடனே போய் உன் அப்பாவிடம் சொன்னேன், ஏனுங்க, நகையை அழிக்க வேண்டாமுங்க, என்னைய அழிச்சுப்போடலாமுங்க. அவருக்குப் புரியவில்லை. எம்பட மூஞ்சிய எடுத்துப்போட்டு மகாலட்சுமி மூஞ்சி வெச்சறலாமுங்க, நகை அவ நகைதானுங்க, அவ கிட்டயே இருந்துட்டுப் போகட்டும் என்றேன். போய்ப் படத்தில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம், நீ எங்க புள்ள போவே என்றார். சமையக்கட்டுலதான் இருக்கறேன், பசிச்சாக் கூப்புடுங்க என்றேன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே உக்கடம் பஸ் ஏறிப் போய்ப் பாயைக் கூட்டிவந்தார்.

அதுதான் டர்பன்டைன். லட்சுமி எழுதி எழுதிக் கை பழகிப்போச்சும்மா, உங்க மூஞ்சிக்குத்தான் அன்னிக்கு செரமப்பட்டேன் என்கிறார் பாய். மகாலட்சுமிக்கு ரெட்டைத் தாடை கெடையாது பாய், அதான் சுளுவா இருக்குது என்றேன். நாற்காலி தாமரையாகிவிட்டது. இன்னும் இரண்டு கை முளைத்திருக்கிறது, இந்த வீட்டு வேலைக்கு அது எப்போதோ வேண்டியிருந்தது. உன் அப்பா நாற்காலி மேல் கை வைத்து நின்றாரே, அம்மன் தாமரை மேல் கை வைக்க முடியுமா, அவர் கையை எடுத்துக் கும்பிட வைத்தாயிற்று. கும்புட்டாலும் வாட்ச்சு தெரியறாப்பல போடுங்க பாய் என்று பக்கத்திலேயே நிற்கிறார். நீயும் மாப்பிள்ளையும் பின்னால் பக்தர்கள் மாதிரி நிற்கிறீர்கள், மாப்பிள்ளை கோட்டோடு கும்பிடுகிறார். காலையில் தேங்காய்க் குலையைத் தூக்கிக்கொண்டு மயில்சாமி வந்தான். படத்தைப் பார்த்தான், குலையைக் கீழே போட்டான். அட சாமி, இது உரக்கடைக் காலண்டரு ஒட்டியாணமில்லீங்களா, எங்கூட்டுலயும் இதேதானே தொங்குது என்று கத்தினான். இத்தனை நாள் என் இடுப்பில் பார்த்தவனுக்குத் தெரியவில்லை, அம்மன் இடுப்பில் ஏறியதும் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சரிபார்த்துவிட்டுக் காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான், பின்னாலேயே டீக்கடைக் கூட்டம். ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தார்கள். கவுண்டரு சந்தையில சொன்னது நெசந்தானுங்கோ என்று ஒருத்தர் சொன்னார். உன் அப்பா மீசையைத் தடவக் கையைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், கையைக் கீழே விட்டுவிட்டார்.

இனிமேல் மயில்சாமி வாய் நமக்காக ஓடும். இருந்தாலும் பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குடம் விற்கிறவன் எந்த ஊரோ, அவன் காதுக்கு இந்தச் சேதி போய்ச் சேருமோ தெரியாது. குரைக்க நாய் இல்லாமல் வீடு செவிடாகக் கிடக்கிறது. நீ வருவதற்குள் அப்பா இரும்புக் கதவு போடுகிறார், நாச்சியம்மாள் அக்காவும் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக நம் வீட்டுக்கே வருகிறார், அவரைத் தனியாகப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் விட எனக்கு மனசில்லை. அதனால் வா கண்ணு. வராதே என்று எழுத எடுத்த காகிதத்தில்தான் வா என்று எழுதுகிறேன். கழுத்தில் தாலிக்கொடி மட்டும் போட்டுக்கொண்டு வா, மற்றதெல்லாம் மாப்பிள்ளையிடம் இருக்கட்டும். உன் மாமியாருக்கு நீயே ஒரு கடிதம் போட்டுவிடு, ஒட்டியாணம் மகாலட்சுமியுடையது, விருந்தன்றைக்கு இரவல் தரமாட்டாள் என்று.

வெள்ளையனை என்ன செய்வதென்று பாய் கேட்டார், மகாலட்சுமி காலடியில் நாய் எங்கும் கிடையாது, யானையாக்கிவிடலாம் என்றார். வேண்டாமுங்க, அவன் அங்கேயே இருக்கட்டும், காதை மட்டும் மடக்கி உட்டுருங்க, அவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். இன்னொன்று. பாய் தூரிகையோடு படத்தில் என் கால் வரை இறங்கி வந்தபோது உன் அப்பா தடுத்துவிட்டார். காலை உட்டுருங்க பாய், அது அப்படியே இருக்கட்டும் என்றார். வெடிப்பும் மெட்டியும் கோணல் சுண்டுவிரலுமாகத் தாமரைக்குக் கீழே என் கால் தொங்குகிறது. உன் மாமியார் அடுத்த தடவை வந்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், நான் சமையல்கட்டில் நின்று பார்த்துக்கொள்கிறேன், நீ மட்டும் சொல்லிவிடாதே.

இரும்பு மாத்திரையை மறக்காமல் போடு, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், நானும் அப்பாவும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். நல்லபடியாக வந்து நல்லபடியாகப் பெற்றெடு சாமி.

இப்படிக்கு,
படத்தில் கால் மட்டும் மீந்திருக்கும் உன் அம்மா,
பா. சென்னியம்மாள்